சொல் போன வழியே சனமும் போனதா? ஜெர்மானிய மொழிகளும் பழங்கால இடப்பெயர்வுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கி.பி. 4 முதல் 6-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் ஜெர்மானியக் கூட்டங்கள் பல ஊர் மாறின. கோத்துகள், வாண்டல்கள், லொம்பார்டுகள், ஆங்கிள்கள், சாக்சன்கள் என்று பட்டியல் நீளும். தங்கள் பயணத்தைப் பற்றி அவர்கள் அநேகமாக எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் ரோமானியர்கள், அல்லது பல தலைமுறைக்குப் பிந்திய துறவிகள். ஆகவே யார் எங்கிருந்து வந்தார்கள், வழியில் யாரோடு பழகினார்கள் என்ற கேள்வி வந்தால் மொழியியலாளர்கள் சொற்களைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்தச் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைச் சுற்றித்தான் கீழே உள்ள கேள்விகள். அயல்மொழிச் சொற்களை உச்சரிப்புக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

ஜெர்மானிய மொழிகள் என்றால் ஜெர்மன் மொழியின் கிளைகளா?

இல்லை. ஜெர்மன் அந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். ஆங்கிலம், ஃப்ரீசியம், டச்சு, ஜெர்மன் ஆகியவை மேற்குக் கிளை. சுவீடிஷ், டேனிஷ், நார்வேஜியன், ஐஸ்லாண்டிக், ஃபாரோயீஸ் ஆகியவை வடக்குக் கிளை. கோத்திக், வாண்டல், பர்கண்டி மொழிகள் இருந்த கிழக்குக் கிளை முழுவதுமே அழிந்துவிட்டது. அதில் கோத்திக்கை மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும். 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் பைபிளை அந்த மொழிக்குக் கொண்டுவந்தார். அதன் புகழ்பெற்ற கையெழுத்துப் படி 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதப்பட்டது. இப்போது அது சுவீடனின் உப்சாலா நகரில் இருக்கிறது.

இவை அனைத்துக்கும் தாயான மொழியை மூல ஜெர்மானியம் என்கிறார்கள். அதில் எழுதிய நூல் எதுவும் கிடையாது. மகள் மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த மொழி அது. தென் ஸ்காண்டிநேவியா, வட ஜெர்மனி பகுதிகளில் கி.மு. முதல் ஆயிரமாண்டில் அது பேசப்பட்டது என்பது பொதுவான கருத்து.

இரண்டு மொழிகளில் ஒரே சொல் இருந்தால், அந்த மக்கள் ஒன்றாக இருந்து பிரிந்தவர்கள் என்று சொல்லிவிடலாமா?

முடியாது. இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு சொல் இரண்டு மொழிகளில் இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. இரண்டும் ஒரே தாயிடமிருந்து அதைப் பெற்றிருக்கலாம். ஒன்று மற்றதிடம் கடன் வாங்கியிருக்கலாம். இரண்டுமே மூன்றாவது மொழியிடம் வாங்கியிருக்கலாம். வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். கையைக் குறிக்கும் சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஹேண்ட், ஜெர்மனில் ஹாண்ட், சுவீடிஷிலும் ஹாண்ட், கோத்திக்கில் ஹாண்டுஸ். எல்லோரிடமும் இருக்கிறது. அப்படியென்றால் தாய்மொழியிலேயே இருந்தது என்று தெரிகிறது. ஆங்கிலேயர் சுவீடனிலிருந்து வந்தார்களா, ஜெர்மனியிலிருந்து வந்தார்களா என்ற கேள்விக்கு இந்தச் சொல் பதிலே சொல்லாது.

பதில் சொல்பவை வேறு வகை. தாய்மொழியில் இல்லாமல், பிற்பாடு சில கிளைகள் மட்டும் சேர்ந்து புதிதாகச் செய்துகொண்ட மாற்றங்கள் முதல் வகை. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே வாங்கியிருக்கக்கூடிய கடன் சொற்கள் இரண்டாவது வகை. பழையதை இரண்டு பேர் அப்படியே வைத்திருப்பது நெருக்கத்தைக் காட்டாது. புதியதை இரண்டு பேர் ஒரே மாதிரி செய்திருப்பதுதான் யோசிக்க வைக்கும்.

ஒலி ஒன்றாக இருக்கிறது, பொருளும் ஒன்றாக இருக்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒழுங்கு வேண்டும். 'வைத்திரு' என்பதற்கு ஜெர்மனில் ஹாபன், லத்தீனில் ஹபேரே. அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கின்றன, ஆனால் உறவே இல்லை. லத்தீனில் ககரமாக இருந்தது ஜெர்மானியத்தில் ஹகரமாக மாறும், பகரம் ஃபகரமாகும், தகரம் 'த்ரீ' என்பதில் வரும் ஒலியாகும். லத்தீனின் கோர்னு ஆங்கிலத்தில் ஹார்ன். லத்தீனின் பாட்டெர் ஆங்கிலத்தில் ஃபாதர். இந்தக் கணக்குப்படி ஜெர்மன் ஹாபனுக்கு உறவான லத்தீன் சொல் 'பிடி' என்று பொருள்படும் காபேரே. லத்தீன் ஹபேரேக்கு உறவாகப் பொதுவாகக் காட்டப்படுவது ஆங்கிலத்தின் கிவ்.

இந்த ஒழுங்கை 1818-இல் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் சுட்டிக்காட்டினார். 1822-இல் யாக்கோப் கிரிம் அதை விதியாக வகுத்தார். விதிக்கு அடங்காமல் நின்ற சொற்களுக்கு 1870-களில் கார்ல் வெர்னர் காரணம் கண்டுபிடித்தார். இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றாகக் கேட்கின்றன என்று வாட்ஸப்பில் வரும் நீண்ட பட்டியல்களை மொழியியலாளர்கள் கண்டுகொள்ளாததற்குக் காரணம் அகம்பாவம் அல்ல. அந்தப் பட்டியல்களில் இப்படி ஓர் ஒழுங்கு இருப்பதில்லை.

ஜெர்மானியர்கள் சிதறுவதற்கு முன்னால் யாருக்கு அண்டை வீட்டாராக இருந்தார்கள் என்று சொற்கள் சொல்லுமா?

சொல்லும், அதுவும் அழகாக. கோத்திக்கில் ஆட்சியாளருக்கு ரீக்ஸ் என்று பெயர். ஜெர்மனின் ரைஷ், சுவீடிஷின் ரீக்கே, ஆங்கிலத்தின் ரிச் எல்லாம் இந்தக் குடும்பம்தான். லத்தீனில் மன்னனுக்கு ரேக்ஸ் என்று பெயர், நெடில் ஏகாரத்தோடு. ஜெர்மானியர்கள் இந்தச் சொல்லைத் தாய்வழியாகப் பெற்றிருந்தால் அவர்களிடமும் ஈகாரம் வந்திருக்கக் கூடாது. ஏகாரம் ஈகாரமாவது வெல்ஷ், ஐரிஷ் போன்றவை அடங்கிய கெல்டிக் மொழிகளின் பழக்கம். ஆக, சொல் கெல்டிக் மக்களிடமிருந்து வந்தது. கெல்டிக்கில் சொல்லின் கடைசியில் இருந்தது மெல்லிய 'க', 'கங்கை'யின் இரண்டாவது ககரம் போல. ஜெர்மானியத்தில் அது வல்லின 'க்' ஆகியிருக்கிறது. கிரிம் விதியின் இன்னொரு பகுதி இது. அப்படியானால் அந்த ஒலி மாற்றம் நடப்பதற்கு முன்பே, அதாவது கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, சொல் கைமாறிவிட்டது. ஒரு சிறிய சொல்லில் இடமும் காலமும் இரண்டுமே கிடைக்கின்றன. இரும்பைக் குறிக்கும் ஆங்கில அயர்ன், ஜெர்மன் ஐசன் ஆகியவையும் கெல்டிக் கடன் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

வடக்கே பார்த்தால் ஃபின்னிஷ் மொழி. அது ஜெர்மானியக் குடும்பமே அல்ல. அதில் மன்னனுக்கு குனிங்காஸ், மோதிரத்துக்கு ரெங்காஸ். மூல ஜெர்மானியத்தில் இவற்றை குனிங்கஸ், ஹ்ரெங்கஸ் என்று மீட்டெடுக்கிறார்கள். கிங், ரிங் என்று ஆங்கிலத்தில் தேய்ந்துபோன அந்தக் கடைசி அசை ஃபின்னிஷில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பால்டிக் கடலோரத்தில் மிகப் பழைய காலத்திலேயே இரு தரப்புக்கும் பழக்கம் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

லத்தீன் சொற்கள் இடப்பெயர்வின் காலத்தைக் காட்டும் என்கிறார்களே, எப்படி?

ரைன், டான்யூப் ஆறுகள்தான் ரோமப் பேரரசின் எல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் முகாம், அந்தப் பக்கம் ஜெர்மானியர். வணிகமும் நடந்தது, ரோமப் படையில் வேலைக்கும் சேர்ந்தார்கள். தெரு, மது, பாலாடைக்கட்டி, மிளகு என்று பொருளோடு பெயரும் எல்லை தாண்டியது.

மிளகையே எடுத்துக்கொள்வோம், நமக்கும் அதில் பங்கு உண்டு. லத்தீனில் அது பிப்பேர். அதை கிரேக்கத்திலிருந்து வாங்கினார்கள். கிரேக்கர்கள் இந்தியாவின் 'பிப்பலி'யிலிருந்து வாங்கினார்கள். பிப்பலி என்றால் நம் திப்பிலி. முசிறியில் கப்பல் ஏறிய கருமிளகுக்கு ஐரோப்பாவில் திப்பிலியின் பெயர் ஒட்டிக்கொண்டது. கி.பி. 408-இல் கோத்து மன்னன் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டபோது, விலகிப் போவதற்குக் கேட்ட பொருள்களில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது.

இப்போது சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பெப்பர், டச்சில் பேப்பர், ஜெர்மனில் ப்ஃபெஃபர். தென் ஜெர்மனியில் கி.பி. 6-ஆம் நூற்றாண்டையொட்டி ஓர் ஒலி மாற்றம் தொடங்கிப் பரவியது. ஷிப் அங்கே ஷிஃப் ஆனது, வாட்டர் வாஸ்ஸர் ஆனது, டென் ட்ஸேன் ஆனது. மிளகின் பெயரும் அந்த மாற்றத்துக்கு உட்பட்டிருப்பதால், அது அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது உறுதி. தெருவும் அப்படித்தான்: லத்தீன் ஸ்ட்ராட்டா ஜெர்மனில் ஷ்ட்ராஸே ஆகியிருக்கிறது. இந்த மாற்றத்தைத் தவறவிட்ட லத்தீன் சொற்கள் பிற்பாடு வந்தவை.

இதே சொற்கள் ஆங்கிலத்திலும் டச்சிலும் அந்தந்த மொழியின் பழைய ஒலி மாற்றங்களோடு இருக்கின்றன. ஆகவே பிரிட்டனுக்குக் கப்பல் ஏறும் முன், கண்டத்தில் இருந்தபோதே, ஆங்கிலேயரின் மூதாதையர் இவற்றில் பலவற்றைக் கற்றுவிட்டார்கள் என்பது வாதம். எனக்கு இது வலுவான வாதமாகவே படுகிறது. ஆனால் பிரிட்டனும் ரோமானிய மாகாணமாக இருந்த நாடு. ஒவ்வொரு சொல்லுக்கும் இதையே சொல்ல முடியாது.

ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவு ஃப்ரீசியம் என்கிறார்கள். அப்படியானால் ஆங்கிலேயர் நெதர்லாந்திலிருந்து வந்தவர்களா?

உறவு உண்மை. நெதர்லாந்தின் வடக்கில் இன்றும் லட்சக்கணக்கானோர் பேசும் மேற்கு ஃப்ரீசியத்தில் பாலாடைக்கட்டி சீஸுக்கு த்ஸீஸ், தேவாலயத்துக்கு த்ஸ்யெர்க்கே. ஆங்கிலத்தில் சீஸ், சர்ச். ஜெர்மனிலும் டச்சிலும் இவை ககரத்தில் தொடங்கும்: கேஸே, கிர்ஹே, காஸ், கெர்க். 'வெண்ணெய், ரொட்டி, பச்சைப் பாலாடைக்கட்டி' என்பதை ஒழுங்காக உச்சரிக்கத் தெரியாதவன் உண்மையான ஃப்ரீசியன் அல்ல என்று அங்கே ஒரு பழைய சொலவடை உண்டு. ஆங்கிலேயரிடமும் இதே மூன்று பொருளை வைத்து, இது நல்ல ஆங்கிலம், நல்ல ஃப்ரீசியமும்கூட என்று ஒரு சொலவடை வழங்குகிறது.

அதைவிட முக்கியமானது மூக்கொலி மறைவு. ஜெர்மனில் ஐந்துக்கு ஃப்யுன்ஃப், வாத்து வகைக்கு கான்ஸ், 'எங்களை' என்பதற்கு உன்ஸ். ஆங்கிலத்தில் ஃபைவ், கூஸ், அஸ். ஃப்ரீசியத்தில் ஃபீஃப், கூஸ், ஊஸ். நடுவில் இருந்த னகரம் வட கடல் ஓரத்து மொழிகளில் காணாமல் போய்விட்டது. பழைய சாக்சன் மொழியிலும் இது உண்டு. இது புதிதாக நடந்த மாற்றம், பழையதைக் காப்பாற்றியது அல்ல. எனவே சாட்சியாக எடுபடும்.

ஆனால் எதற்குச் சாட்சி? 731-இல் தன் வரலாற்றை முடித்த பீட் என்ற துறவி, ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் என்ற மூன்று இனத்தார் வந்ததாக எழுதினார். வருகையை 449 என்ற ஆண்டை ஒட்டி வைத்தார். ஆங்கிள்களின் நாடு இன்றைய ஜெர்மனி–டென்மார்க் எல்லையருகே உள்ள ஆங்கெல்ன். அவருடைய பட்டியலில் அந்த இடத்தில் ஃப்ரீசியர்கள் இல்லை. இன்னொரு பக்கம், ஃப்ரீசியக் கடலோரத்தின் பெரும்பகுதி 4-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய ஆளில்லாமல் கிடந்தது என்றும், 5-ஆம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து புது ஆட்கள் வந்து குடியேறினார்கள் என்றும் அகழாய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ரோமானியர் எழுதிய ஃப்ரீசியர்களும் இடைக்கால ஃப்ரீசியர்களும் ஒரே மக்களாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலமும் ஃப்ரீசியமும் தாயும் பிள்ளையும் அல்ல. ஒரே கடலோரத்திலிருந்து இரண்டு பக்கம் பிரிந்துபோன பங்காளிகள் என்பதே பொருத்தமாக இருக்கிறது. அதற்குப் பிறகும் கடல் வழியாகப் போக்குவரத்து ஓயவில்லை, ஆகவே ஒற்றுமைகளில் சில பிரிவுக்குப் பின் பரவியவையாகவும் இருக்கலாம்.

பிரிட்டனில் ஏற்கெனவே இருந்த கெல்டிக் மக்களின் சொற்கள் ஆங்கிலத்தில் மிகக் குறைவு. அப்படியானால் அவர்கள் எல்லோரும் அழிக்கப்பட்டார்களா?

19-ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் நினைத்தார்கள். சொற்பட்டியலைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதும் இயல்பே. வளைக்கரடியைக் குறிக்கும் ப்ராக், பள்ளத்தாக்கைக் குறிக்கும் கூம் என்று ஒரு கைப்பிடிதான் தேறும். மாறாக ஆறுகளின் பெயர்கள் பிழைத்தன. தேம்ஸ் ஆங்கிலேயருக்கு முந்திய பெயர். ஏவன் என்றால் வெல்ஷ் மொழியில் 'ஆறு' என்றே பொருள். ஆக 'ஏவன் ரிவர்' என்பது நாம் 'நடுசென்டர்' என்பது மாதிரிதான்.

அதிகாரம் இல்லாதவரின் மொழியிலிருந்து அதிகாரம் உள்ளவர் அதிகம் வாங்குவதில்லை. தோற்ற தரப்பின் பிள்ளைகள் ஆங்கிலம் பேசத் தொடங்கிவிட்டால், ஆட்கள் இருப்பார்கள், சொற்கள் இருக்காது. 2022-இல் வெளிவந்த பெரிய தொல் மரபணு ஆய்வு, கிழக்கு இங்கிலாந்தின் ஆரம்ப இடைக்கால உடல்களில் 76% வரை வட கடலுக்கு அப்பாலிருந்து வந்த வம்சாவளி இருப்பதாகக் கண்டது. எனவே பெரிய இடப்பெயர்வு நடந்தது உண்மை. மீதி உள்ளூர் வம்சாவளியும் கலந்து வாழ்ந்ததும் உண்மை. சொற்பட்டியல் இந்த இரண்டாவது பாதியைச் சுத்தமாக மறைத்துவிட்டது.

வைக்கிங்குகள் ஆங்கிலத்தில் விட்டுப்போனது என்ன?

ஆங்கிலம் படித்த எவரும் நாள் முழுக்கப் பயன்படுத்தும் 'தே', 'தெம்', 'தேர்' என்ற பிரதிப்பெயர்கள் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான அவர்களுடையவை. ஸ்கை, லா, ஹஸ்பண்ட், விண்டோ, டேக் எல்லாம் வடக்கிலிருந்து வந்தவை. ஒலியே காட்டிக்கொடுக்கும்: பழைய 'ஸ்க்' ஆங்கிலத்தில் 'ஷ்' ஆகிவிட்டது, வடக்கில் அப்படியே நின்றது. ஷர்ட் உள்ளூர்ச் சொல், ஸ்கர்ட் வைக்கிங் சொல். மூலம் ஒன்றுதான்.

865-இல் பெரும்படை இறங்கியது, 876-இல் யார்க்ஷயரில் நிலத்தைப் பங்கிட்டுக் குடியேறினார்கள். கிரிம்ஸ்பி, டார்பி, விட்பி என்று 'பி'யில் முடியும் ஊர்களை வரைபடத்தில் குறித்தால் குடியேற்றப் பகுதி கண்ணுக்குத் தெரியும்.

பிரதிப்பெயரைக் கடன் வாங்குவது அபூர்வம். கடைத்தெருப் பழக்கத்தில் அது நடக்காது. ஒரே வீட்டில், ஒரே வயலில், ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஓரளவு புரியும் நிலையில் தலைமுறைக்கணக்காக வாழ்ந்தால்தான் நடக்கும். இந்த ஒரு சான்றை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

இரண்டு சொற்களும் எவ்வளவு காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன என்பதற்கு இங்கிலாந்தின் முதல் அச்சகர் வில்லியம் காக்ஸ்டன் 1490-இல் ஒரு கதை சொல்கிறார். தேம்ஸ் கரையில் ஒரு வணிகர் ஒரு வீட்டில் 'எக்கஸ்' கேட்டார். வீட்டுக்காரம்மா, தனக்கு ஃப்ரெஞ்சு தெரியாது என்றார். வணிகருக்குக் கோபம், அவருக்கும் ஃப்ரெஞ்சு தெரியாது! அப்புறம் இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்றார், உடனே புரிந்துவிட்டது. எக்கஸ் வைக்கிங்குகள் கொண்டுவந்தது, ஐரன் பழைய ஆங்கிலம். இரண்டுக்கும் பொருள் முட்டைதான்.

இதே வைக்கிங்குகள் வட ஃப்ரான்சில் நார்மண்டியிலும் குடியேறினார்கள். அங்கே சில தலைமுறைகளில் ஃப்ரெஞ்சு பேசுபவர்களாகிவிட்டார்கள். ஊர்ப் பெயர்களும் கடல் சார்ந்த சில சொற்களுமே மிச்சம்.

கோத்துகள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொற்கள் நிரூபிக்கின்றனவா?

இது நூறு வருடத்துக்கு மேலாக ஓயாத சண்டை. 551-இல் யோர்டானெஸ் என்பவர் கான்ஸ்டான்டினோப்பிளில் இருந்துகொண்டு, கோத்துகள் ஸ்காண்ட்ஸா என்ற வடக்குத் தீவிலிருந்து பெரிக் என்ற மன்னன் தலைமையில் மூன்று கப்பல்களில் வந்ததாக எழுதினார். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படுவது அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால். சுவீடனில் கோத்லாந்து தீவு, யோத்தாலாந்து என்று பெயர்கள் இருப்பது இந்தக் கதைக்கு வலு சேர்க்கிறது.

மொழிச் சான்றில் பலமானது ஒன்று உண்டு. மூல ஜெர்மானியத்தில் இரட்டித்த யகரம் இருந்த சில இடங்களில், வடக்கு மொழிகளிலும் கோத்திக்கிலும் அது இறுகிக் கடின ஒலி ஆகிவிட்டது. 'இரண்டின்' என்பதற்கு வைக்கிங் காலத்து வடக்கு மொழியான பழைய நார்ஸில் த்வெக்கியா, கோத்திக்கில் த்வத்யே. பழைய ஜெர்மனிலோ மென்மையாக த்ஸ்வையோ. மேற்குக் கிளை முழுவதிலும் இந்த இறுக்கம் இல்லை. வடக்கும் கிழக்கும் சேர்ந்து செய்த புதுமை இது, எனவே ஒரு காலத்தில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது வாதம். 1951-இல் எர்ன்ஸ்ட் ஷ்வார்ட்ஸ் இதை விரிவாக முன்வைத்தார்.

எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. இறுகியது பொதுவானாலும் விளைவு ஒன்றல்ல, ஒரு பக்கம் ககரம், மறு பக்கம் தகரம். தனித்தனியாகவும் நடந்திருக்கலாம். போலந்து மொழியியலாளர் விட்டோல்ட் மான்சாக் வேறு வழியில் போனார். கோத்திக் பைபிளை மற்ற ஜெர்மானிய மொழிபெயர்ப்புகளோடு வைத்து, பொதுச் சொற்களை எண்ணினார். தென் ஜெர்மன் வழக்குகளே கோத்திக்குக்கு மிக நெருக்கம், ஆகவே கோத்துகள் வடக்கிலிருந்து வரவில்லை என்று முடிவு கட்டினார். பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏற்காததும் சரிதான். எண்ணிக்கை என்பது பழையதைக் காத்ததையும் புதிதாகச் செய்ததையும் ஒரே தராசில் போட்டுவிடுகிறது. தென் ஜெர்மானியர் கோத்துகளிடம் பிற்காலத்தில் வாங்கிய கடனையும் கூடவே சேர்த்துவிடுகிறது.

என் கணிப்பு: வடக்கும் கிழக்கும் நெருங்கி இருந்தன என்பதுவரை சொற்கள் பேசும். போலந்தின் விஸ்துலா ஆற்றின் கழிமுகமும் தென் சுவீடனும் கடலுக்கு இந்தக் கரை, அந்தக் கரை. நெருக்கத்துக்கு அதுவே போதும், மூன்று கப்பல் கதை தேவையில்லை.

தென் ஜெர்மனியில் கோத்திக் சொற்கள் எப்படி வந்தன?

பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் பழைய தலைமுறையினர் செவ்வாய்க்கிழமையை எர்டாக் என்பார்கள், பொது ஜெர்மனில் அது டீன்ஸ்டாக். எர்டாக்கின் உள்ளே இருப்பது கிரேக்கப் போர்க்கடவுள் ஆரெஸ். வியாழக்கிழமைக்கு ப்ஃபின்ட்ஸ்டாக். கிரேக்கத்தில் 'பெம்ப்டே' என்றால் ஐந்தாம் நாள், அதுதான் வியாழன். கிரேக்கத்தோடு எல்லையே இல்லாத ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக்கு கிரேக்கக் கிழமைப் பெயர் எப்படி வந்தது?

நடுவில் நின்றவர்கள் கோத்துகள் என்பது விடை. கருங்கடல், பால்கன் பகுதிகளில் கிரேக்கர்களோடு பழகிக் கிறிஸ்தவர்களானவர்கள் அவர்கள். 493 முதல் 526 வரை இத்தாலியை ஆண்ட கோத்து மன்னன் தியோடெரிக்கின் கை ஆல்ப்ஸுக்கு வடக்கேயும் நீண்டிருந்தது. ப்ஃபின்ட்ஸ்டாக்கின் முதல் ஒலியில் பழைய பகரம் 'ப்ஃ' ஆகியிருப்பதால், மிளகுக் கணக்குப்படி, இந்தச் சொல்லும் தென் ஜெர்மன் ஒலி மாற்றத்துக்கு முன்பே வந்துவிட்டது. காலம் பொருந்துகிறது. லெஹ் ஆற்றைத் தாண்டி மேற்கே ஸ்வாபியாவுக்குப் போனால் எர்டாக் கிடையாது. அங்கே செவ்வாய்க்கு வேறு பெயர்கள்.

சுங்கத்துக்கு மவ்ட் என்ற சொல்லும் இந்த வழிதான். வுல்ஃபிலாவின் பைபிளில் அது மோட்டா. மியூனிக்கில் இன்றும் கூடும் அவுவெர் டுல்ட் சந்தையில் உள்ள டுல்ட், கோத்திக்கில் திருவிழாவைக் குறித்த சொல். கோத்துப் பாதிரிமார்கள் டான்யூப் வழியாக மேலேறி வந்து மதம் பரப்பினார்கள் என்று ஃப்ரீட்ரிக் க்ளூகே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். அப்படி ஒரு சபைப்பணிக்கு நேரடி ஆவணம் கிடையாது. ஆனால் சுங்கமும் சந்தையும் வருவதற்குப் பாதிரியார் எதற்கு? வணிகரும் அதிகாரியும் போதும்.

2005-இல் ஜெர்மனி முழுவதும் லாரிகளுக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் வந்தபோது அதற்கு மவ்ட் என்றே பெயர் வைத்தார்கள். கோத்துகளின் சுங்கச் சொல் வட ஜெர்மனிக்கு அரசாணையோடு போய்ச் சேர்ந்தது.

கிரிமியாவில் கோத்திக் பேசினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1560-களின் தொடக்கத்தில் கான்ஸ்டான்டினோப்பிளில் ஹாப்ஸ்பர்க் பேரரசின் தூதராக இருந்த ஃப்ளெமிஷ்காரர் புஸ்பெக், கிரிமியாவிலிருந்து வந்த இரண்டு பேரைச் சந்தித்துச் சுமார் 80 சொற்களைக் குறித்துக்கொண்டார். கூடவே ஒரு பாட்டு, அதற்கு இன்றுவரை உறுதியான பொருள் யாரும் சொல்லவில்லை. பட்டியல் 1589-இல் அச்சானது.

சாட்சிகள் வேடிக்கையானவர்கள். ஒருவர் கிரிமியாக்காரர், ஆனால் தாய்மொழியை மறந்து கிரேக்கம் பேசியவர். மற்றவர் பிறப்பால் கிரேக்கர், அந்த மொழியைப் பழகிக் கற்றவர். எழுதிக்கொண்டவரின் காதோ டச்சு வழக்கான ஃப்ளெமிஷுக்குப் பழகிய காது. இவ்வளவு வடிகட்டல் தாண்டியும் சொற்கள் பிழைத்தன. வீட்டுக்கு ஹூஸ், மழைக்கு ரேகன், நாளுக்கு டாக். இவர்கள் கோத்துகளா, அல்லது சார்லமேன் அங்கே குடியேற்றிய சாக்சன்களா என்று புஸ்பெக்குக்கே சந்தேகம்.

தீர்ப்புச் சொன்னது முட்டை. பட்டியலில் முட்டைக்கு 'ஆடா'. மேலே சொன்ன இறுகிய யகரம் கிழக்கில் தகரமாகும் என்பது ஞாபகம் இருக்கலாம்; ஜெர்மனில் ஐ, நார்ஸில் எக், கோத்திக் கணக்குப்படி அட்யா போல வர வேண்டும். ஆடா அந்த வழியில் வந்தது. சாக்சன் வாயில் இப்படி வந்திருக்க வழியில்லை. நிலவுக்கு 'மினே' என்றிருப்பதும் கோத்திக்கின் மேனாவோடு ஒத்துப்போகிறது. இன்னொரு சுவை: நூறுக்கு 'சதா', ஆயிரத்துக்கு 'ஹசேர்'. இரண்டும் ஈரானிய மொழிகளின் எண்கள். கருங்கடல் வடகரையில் யாரோடு கணக்கு வழக்கு வைத்திருந்தார்கள் என்று இதிலிருந்தே தெரிகிறது.

ஆட்கள் இடம்பெயராமல் சொல் மட்டும் நெடுந்தூரம் போன உதாரணம் உண்டா?

லத்தீனில் சிறு வியாபாரிக்கு, சாராயக்கடைக்காரருக்கு காவ்ப்போ என்று பெயர். அதிலிருந்து 'வாங்கு' என்பதற்கு ஜெர்மனில் காவ்ஃபன், டச்சில் கோப்பன், 'வணிகம் செய்' என்பதற்கு கோத்திக்கில் காவ்ப்போன். ஆங்கிலத்தின் சீப் இதே சொல்தான், பழைய பொருள் வணிகம். கோபன்ஹேகன் என்ற பெயரில் முன்பாதி 'வணிகர்'. ஃபின்னிஷில் கடைக்கு காவ்ப்பா, ரஷ்ய மொழியில் 'வாங்கு' என்பதற்கு குப்பீத். இத்தாலியச் சாராயக்கடையிலிருந்து ஃபின்லாந்து வரை யாரும் கூட்டமாக நடந்து போகவில்லை. சரக்கு போனது, சொல் கூடவே போனது.

லொம்பார்டுகள் இத்தாலியில் ஏதாவது விட்டுப்போனார்களா?

568-இல் இத்தாலிக்குள் நுழைந்தார்கள், இருநூறு ஆண்டுகள் ஆண்டார்கள், மொழியை இழந்தார்கள். பெஞ்சுப் பலகையை இத்தாலியர்கள் பங்கா என்கிறார்கள், பணம் மாற்றும் மேசையிலிருந்து வந்த வங்கியும் பங்காதான். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. இத்தாலியில் பலகையின் பகரம் வல்லோசை, வங்கியின் பகரம் மெல்லோசை. மூலச் சொல் ஒன்றே. மெல்லோசை வடிவம் மற்ற ஜெர்மானியரிடமிருந்து வந்தது, வல்லோசை வடிவம் தென் ஜெர்மன் ஒலி மாற்றம் ஏறிய லொம்பார்டு வாயிலிருந்து வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் இவர்கள் இருந்தது வட ஜெர்மனியின் எல்பே கரையில். அங்கே தங்கியிருந்த மற்றவர்களின் பேச்சில் அந்த மாற்றம் ஏறவில்லை. வழியில் தெற்கே தங்கியபோதோ, இத்தாலிக்கு வந்த பிறகோதான் அதைப் பெற்றிருக்க வேண்டும்.

மரபணு ஆய்வு வந்த பிறகு சொற்களுக்கு வேலை இருக்கிறதா?

இரண்டும் பதில் சொல்வது வேறு வேறு கேள்விக்கு. எலும்பில் மொழி இருக்காது. சொல்லில் ரத்த உறவு இருக்காது.

ஐஸ்லாந்தைப் பாருங்கள். 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிய நாடு, மொழி அப்பட்டமான நார்ஸ். சொற்களை மட்டும் வைத்திருந்தால், நார்வேயிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள் என்றே எழுதியிருப்போம். மரபணு வேறு சொன்னது: ஆண் வழியில் பெரும்பகுதி ஸ்காண்டிநேவியா, பெண் வழியில் பெரும்பகுதி பிரிட்டன், அயர்லாந்து தீவுகள். அந்தத் தாய்மார்களின் மொழியிலிருந்து ஐஸ்லாண்டிக்கில் தங்கிய பொதுச் சொற்கள் மிகச் சில. பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் மட்டும் தங்கின. அயர்லாந்தின் நியால் அங்கே நியாட்ல் ஆனது, கார்மக் கோர்மாக்குர் ஆனது, மூர்ஹெர்தாஹ் என்ற நீண்ட பெயர் கியார்த்தன் ஆகிச் சுருங்கியது. இன்றும் ஐஸ்லாந்தில் பையன்களுக்குக் கியார்த்தன் என்று பெயர் வைக்கிறார்கள்.